சமோசாக் கையெழுத்து

சுகந்தா லெதர்ஸ் என்று அந்தத் தோல் தொழிற்சாலைக்குப் பெயர் வைத்தவருக்கு மூக்கு இருந்ததா என்பது இன்றுவரை தீராத சந்தேகம். ஆம்பூரைத் தாண்டி நெடுஞ்சாலையில் பஸ் அந்த இடத்தை நெருங்கும்போது, குறட்டை விட்டுக்கொண்டிருப்பவர்கூடத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு எழுந்து உட்காருவார். கண்டக்டர் ஸ்டாப்பின் பெயரைக் கத்த வேண்டிய வேலையே இல்லை.

நாற்றம் எப்படியோ போகட்டும், பாதுகாப்பு விஷயத்தில் சுகந்தாவை யாரும் குறை சொல்ல முடியாது. கேட்டுக்குள் நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு பலகை நிற்கும். 'விபத்து இல்லாத நாட்கள்: 2914.' ஒருமுறை கவுஸ் பாஷா ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டபோது அந்த எண்ணுக்கு ஆபத்து வந்தது. பாதுகாப்பு அதிகாரி சூரியபிரகாஷ் இரண்டு நாள் யோசித்து, 'ஊழியர் தம் சொந்த விருப்பத்தின் பேரில் தரையை அடைந்தார்' என்று எழுதி எண்ணைக் காப்பாற்றினார். மாவுக்கட்டுடன் வந்த கவுஸ் பாஷாவுக்கு அந்த மாதத்தின் சிறந்த பாதுகாப்பு ஊழியர் என்று டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். ஒரு கையால் அதைத் திறக்க வராமல் அவர் தடுமாற, அருணகிரிதான் திறந்து கொடுத்தான்.

இந்த அருணகிரி டிரம் ஓட்டுபவன். மாடி உயரத்துக்கு மரத்தால் செய்த உருளைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றில் தோலையும் தண்ணீரையும் சுண்ணாம்பையும் மற்ற மருந்துகளையும் போட்டுச் சுற்றவிட்டு, பதம் பார்த்து எடுப்பது அவன் வேலை. பதினான்கு வருஷமாகச் செய்கிறான். தோலைத் தொட்டுப் பார்த்தே இன்னும் அரை மணி நேரம் வேண்டுமா, போதுமா என்று சொல்லிவிடுவான். மேலே இருப்பவர்களிடம் 'முடியாது' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கையெழுத்து மட்டும் அச்சடித்தமாதிரி அழகாகப் போடுவான். அந்த அழகுதான் பின்னால் அவன் கழுத்துக்கே வந்தது.

கையெழுத்து என்றதும் சமோசாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஷூ செய்ய நம்மிடம் தோல் வாங்குகிறான். வாங்குவதற்கு முன், தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தாயா என்று கேட்கிறான். ஆகவே மாதத்தின் முதல் சனிக்கிழமை நாலு மணிக்குப் பயிற்சி. சென்னையிலிருந்து பயிற்சியாளர் ஒருவர் வர வேண்டும். முதல் வருஷம் நேரில் வந்தார். இரண்டாவது வருஷம் போனில் வந்தார். அதற்கப்புறம் அவருடைய படிவங்கள் மட்டும் வந்தன. நாலு மணிக்கு டீயும் கூடை நிறையச் சமோசாவும் வரும், கூடைக்குப் பக்கத்தில் வருகைத் தாள் இருக்கும். கையெழுத்துப் போட்டால் ஒரு சமோசா. தீயணைப்பு, முதலுதவி, ரசாயனம் கையாளுதல் எல்லாவற்றுக்கும் அதே சமோசாதான். "இந்த வாட்டி இன்னா டிரெய்னிங்?" என்று ஒருவர் கேட்டால், வரிசையில் முன்னால் நிற்பவர் கடித்துப் பார்த்துவிட்டு, "வெங்காயம்" என்பார். தொழிலாளர்கள் இதற்குச் சமோசாக் கையெழுத்து என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை கழிவுத் தொட்டியின் பம்ப் நின்றது. டிரம்களிலிருந்து வெளியேறும் தண்ணீரெல்லாம் போய் விழுகிற தொட்டி அது. தரைக்குக் கீழே பன்னிரண்டு அடி ஆழம், மேலே ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு இரும்பு மூடி. அடியில் சுண்ணாம்பும் மயிரும் கொழுப்பும் சேர்ந்து இறுகி, பம்பின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை ஆடிட். வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும் அந்தச் சோதனையில் பச்சை மார்க் வாங்கினால்தான் அடுத்த ஆர்டர் வரும்.

மேஸ்திரி நவீத் கயிற்றுச் சுருளோடு டிரம் பக்கம் வந்தான்.

"அருணகிரி, இத இடுப்புல கட்டிக்கினு எறங்கி, பம்பு வாய்ல இருக்கிறத கொஞ்சம் குத்தி வுட்டுட்டு வந்துடு. அஞ்சு நிமிசம்தான்."

"முடியாது மேஸ்திரி" என்றான் அருணகிரி. சொன்ன பிறகு, யார் சொன்னது என்று தானே ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

காரணம் இருந்தது. அவன் மனைவி பூர்ணிமாவின் அண்ணன் பாண்டியன் நாலு வருஷத்துக்கு முன்னால், வேறு ஒரு டேனரியில், இதேமாதிரி தொட்டியில் இறங்கினான். அவனும் ஐந்து நிமிஷ வேலைக்குத்தான் இறங்கினான். அவனைத் தூக்க இன்னொருவன் இறங்கினான். அந்த இன்னொருவனைத் தூக்க மூன்றாமவன் இறங்கினான். மூன்று பேரையும் ஒரே வேனில் ஏற்றி அனுப்பினார்கள். அன்றைக்குப் பூர்ணிமா அருணகிரியின் கையைத் தன் தலையில் வைத்து வாங்கிய சத்தியம் இன்னும் அப்படியே இருந்தது.

"நான் டிரம்மு ஓட்ற ஆளு. தொட்டியில எறங்க எனக்கு டிரெய்னிங் கெடையாது. கேஸ் அடிச்சா இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியாது. எறங்க மாட்டேன்."

நவீத் நல்ல மனுஷன். சண்டை போடாமல், "நீ எறங்கலன்னா நான் மேல சொல்லணும்பா, எனக்கு ஏன் பேஜாரு" என்று முனகிக்கொண்டே ஆபீசுக்குப் போனான். அருணகிரி தன் வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு டிரம்மை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

வந்தவர் சூரியபிரகாஷ். ஓடி வந்தார். மூச்சிரைக்க அருணகிரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மறுத்துட்டியாமே? நெஜமாவா? ஏழு வருஷமா உன்ன மாதிரி ஒருத்தனுக்குத்தான்யா காத்துக்கினு இருக்கேன்!"

விஷயம் இதுதான். ஆபத்தான வேலையைத் தொழிலாளி மறுக்கலாம் என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒரு விதி வைத்திருந்தது. அந்த விதிக்காகச் சுகந்தாவில் 'வேலை மறுப்புப் பதிவேடு' என்று தோல் அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. ஏழு வருஷமாக அதில் ஒரு வரி கிடையாது. போன ஆடிட்டில் அதைப் புரட்டியவர்கள், 'ஆறு வருஷமாக ஒருவர்கூட எதையும் மறுக்கவில்லை என்பது கவலை தருகிறது' என்று ஒரு மஞ்சள் மார்க் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்றிலிருந்து சூரியபிரகாஷுக்குச் சரியான தூக்கம் இல்லை.

பாதுகாப்பு போஸ்டருக்குக் கீழே அருணகிரியை நிறுத்திக் கைகுலுக்குவதுபோல் படம் எடுத்தார்கள். முதல் படத்தில் அவன் பயந்தமாதிரி இருந்ததால் இன்னொன்று எடுத்தார்கள். பிறகு ஏ.சி. அறையில் உட்காரவைத்துப் பதினோரு பக்கப் படிவத்தை எடுத்தார் சூரியபிரகாஷ்.

"ஆபத்து தோன்றுவதற்கு நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னாடியே விண்ணப்பிக்கணும். சரி, சனிக்கிழமையே உனக்கு பயமா இருந்துச்சுன்னு போட்டுக்கறேன்."

"சனிக்கெழம பம்பு நல்லா ஓடினு இருந்துச்சே சார்."

"அதுக்குப் பேருதான் முன்னெச்சரிக்கை."

எழுதிக்கொண்டே வந்தவர், மறுப்புக்கான காரணம் என்ற இடத்தில் அருணகிரி சொன்னதைக் கேட்டுப் பேனாவை நிறுத்தினார்.

"போதிய பயிற்சி இல்லைன்னா? அத எப்படிப் போடுறது? நம்ம கம்பெனியில பயிற்சி இல்லாத ஆளே கெடையாதே. வேற ஏதாவது சொல்லு. தலைவலி? குடும்பத்துல துக்கம்? உயரத்துல நின்னா மயக்கம் வரும்னு போடலாமா?"

"அது பள்ளம் சார்."

"ஆழத்துக்கு இதுல கட்டம் இல்லையேய்யா" என்று வருத்தப்பட்டார் சூரியபிரகாஷ்.

அருணகிரி விடவில்லை. பதினான்கு வருஷமாகச் சேர்த்துவைத்த பிடிவாதம் முழுவதும் அன்றைக்கு வெளியே வந்தது. எனக்குப் பயிற்சி இல்லை, அதுதான் காரணம், வேறு எதையும் எழுதாதீர்கள் என்று அதையே நாலு தடவை சொன்னான். சூரியபிரகாஷ் பெருமூச்சு விட்டு அலமாரியைத் திறந்து ஒரு தடிமனான ஃபைலை எடுத்துப் போட்டார்.

'மூடிய தொட்டிக்குள் இறங்கும் பயிற்சி' என்று மேலே எழுதியிருந்தது. பயிற்சி பெற்றவர்களின் பட்டியலில் அருணகிரியின் பெயர் இல்லை. அவனுக்கு உயிர் வந்தது. சூரியபிரகாஷ் விரலை அப்படியே கீழே இறக்கி, தாளின் அடியில் 'பயிற்சியாளர்' என்ற இடத்தைக் காட்டினார். அங்கே முத்து முத்தாக ஒரு கையெழுத்து. அருணகிரி.

அவனுக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்கால சனிக்கிழமை. சென்னைக்காரரின் படிவம் கையெழுத்தில்லாமல் வந்துவிட்டது. ஆடிட்டுக்கு நேரமாகிவிட்டது என்று சூரியபிரகாஷ் கூடையும் கையுமாக நின்றுகொண்டு, "உன் கையெழுத்துதான் பாக்க ஆபீசர் மாதிரி இருக்கும், இங்க ஒண்ணு போடுய்யா, இன்னொரு சமோசா ஜாஸ்தியா எடுத்துக்கோ" என்றார். பசி வேளை. போட்டான். ஆக, அந்த மாவட்டத்திலேயே தொட்டியில் இறங்கக் கற்றுக்கொடுக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் அவன்தான் என்று இரண்டு வருஷமாக அலமாரிக்குள் எழுதியிருக்கிறது, அவனுக்குத்தான் தெரியாமல் போயிற்று.

மறுநாள் ஜெனரல் மேனேஜர் ராமமூர்த்தியின் அறையில் விசாரணை. அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில், தொட்டியில் இறங்குபவர்கள் முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்றுக் கவசம் இருந்தது. வாங்கிய நாளில் மாலை போட்டுத் திறப்பு விழா நடத்திய கவசம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அலமாரியின் சாவி முதலாளி மகனிடம் இருந்தது. முதலாளி மகன் துபாயில் இருந்தான்.

"ஒக்காருப்பா. இங்க யாரும் உன்ன மிரட்டப்போறதில்ல" என்று ஆரம்பித்தார் ராமமூர்த்தி. "மறுக்கிறது உன் உரிமை. அத நாங்க மதிக்கிறோம். அதுக்காக நோட்டே போட்டு வெச்சிருக்கோம், அதுவும் ஒரிஜினல் தோல் அட்டை. ஆனா உரிமை இருக்குன்றது வேற, அத எடுத்து உபயோகப்படுத்துறது வேற. தோ பாரு, செவுத்துல தீயணைப்பான் தொங்குது. தெனமும் எடுத்தா அடிக்கிறோம்? அது தொங்கணும். வர்றவங்க பாக்கணும். அவ்ளோதான்."

அருணகிரி சுவரைப் பார்த்தான். அந்தத் தீயணைப்பானின் காலம் முடிந்து மூன்று வருஷமாகியிருந்தது.

"சார், எனக்கு அந்த டிரெய்னிங் யாரும் தரல சார். சமோசாதான் தந்தாங்க."

"அப்டின்னா நீ பொய்க் கையெழுத்துப் போட்டிருக்க" என்றார் ராமமூர்த்தி, மிகுந்த வேதனையோடு. "பயிற்சி இல்லாம பயிற்சியாளர்னு கையெழுத்துப் போடுறது மோசடி. வேலைய விட்டு அனுப்பணும், வேற வழியில்ல. பயிற்சி இருக்குன்னா நீ எறங்கணும். ரெண்டுல எதுன்னு நீயே முடிவு பண்ணு. இந்தக் கம்பெனியில தொழிலாளிக்கு முடிவெடுக்கிற சுதந்திரம் உண்டு."

சூரியபிரகாஷ் நடுவில் ஒரு யோசனை சொன்னார். வியாழக்கிழமை ஆடிட்டர் தொட்டியில் இறங்கும் செய்முறை ஒன்றைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அதை அருணகிரியின் பயிற்சிக் குழுவே செய்து காட்டலாம். செய்முறையும் ஆயிற்று, அடைப்பும் போயிற்று. ராமமூர்த்தி அதைக் கேட்டு, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த திருப்தியோடு டீ சொன்னார். அருணகிரிக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

அன்று சாயங்காலம் அருணகிரி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது பூர்ணிமா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கரைப்பதை நிறுத்தவில்லை. முழுக்கக் கேட்டாள்.

"எறங்குனா உசுரு போவும். எறங்கலன்னா வேல போவும். அவ்ளோதானே?"

"அவ்ளோதான்."

"வேல போனா கஞ்சி குடிக்கலாம். எங்கண்ணன் போனப்ப கம்பெனிக்காரங்க மாலை எட்த்துக்கினு வந்தாங்க. எம்மாம் பெரிய மாலை! அந்த மாலை நம்ம வூட்டுக்கு வாணாம்." அவ்வளவு சொன்னதும் அவளுக்குக் குரல் உடைந்தது. மாவுக் கையோடு திரும்பி நின்றுகொண்டாள்.  அருணகிரி அவள் தோளைத் தொட்டுவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தான். இரண்டு சமோசாவுக்கு உயிரை எழுதிக் கொடுத்த முட்டாள்தனத்தை நினைத்துத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

புதன்கிழமை காலை அவன் நேராகச் சூரியபிரகாஷிடம் போய், "சார், நான்தானே டிரெய்னரு, நாளைக்கு செஞ்சு காட்டணும். அந்த ஃபைல ஒருவாட்டி படிக்கணும்" என்றான். சூரியபிரகாஷ் மகிழ்ந்துபோய்க் கொடுத்தார். ஏழு வருஷத்தில் ஃபைலைப் படிக்கக் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கவுஸ் பாஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். பத்தாவது பக்கத்தில் கை நின்றது. மூடிய தொட்டிக்குள் இறங்கும்போது பயிற்சியாளர் மேலே நின்று கண்காணிக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் அவர் உள்ளே இறங்கக் கூடாது என்று போட்டிருந்தது. இறங்க வேண்டியவர்கள் அவரிடம் பயிற்சி பெற்றுத் தேறியவர்கள். அடுத்த பக்கத்தில் தேறியவர்களின் பட்டியல். அன்றைக்கு மழைக்கு அருணகிரியைத் தவிர வேறு தொழிலாளர்கள் யாரும் வரவில்லை. தாள் காலியாக இருக்கிறதென்று ஆபீஸ்காரர்களே கையெழுத்துப் போட்டுக் கூட்டம் காட்டியிருந்தார்கள்.

கவுஸ் பாஷா எட்டிப் படித்தார். படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிற்று.

"அருணகிரி பாய், நீ நம்ம ஜி.எம்.முக்கு எம்பத்தேழு மார்க் போட்ருக்கே!"

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். பெயர் நந்தினி. சென்னையிலிருந்து வந்திருந்த சின்ன வயசுப் பெண், தலையில் வெள்ளை ஹெல்மெட், கையில் டேப்லெட். அவரைச் சுற்றி ஆபீசே நடந்து வந்தது. தொட்டியைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தார்கள். நாற்றத்துக்கு ஊதுபத்தி கொளுத்தப் போனவரை, அந்த மூடிக்குப் பக்கத்தில் நெருப்பா என்று அருணகிரிதான் ஓடிப்போய்த் தடுத்தான். பயிற்சியாளர் என்று எழுதிய பச்சைச் சட்டையும் கழுத்தில் ஒரு விசிலும் அவனுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள்.

ராமமூர்த்தி பேசினார். "மேடம், எங்களைப் பொறுத்தவரைக்கும் தொழிலாளிதான் குடும்பம். எங்க வீட்டுப் பிள்ளைய அனுப்ப மாட்டோம்ற எடத்துக்கு அவங்களையும் அனுப்ப மாட்டோம். இப்ப அருணகிரி உள்ள எறங்கிக் காட்டுவாரு."

அருணகிரி விசில் அடித்தான். எல்லோரும் திரும்பினார்கள். ஃபைலைப் பிரித்துப் பத்தாம் பக்கத்தை நிதானமாகப் படித்தான். பயிற்சியாளர் மேலே நிற்க வேண்டும் என்பதை இரண்டு தடவை படித்தான். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினான்.

"பயிற்சியில் தேறி, உள்ளே இறங்கத் தகுதி பெற்றவர்கள். ஒண்ணு, திரு. ராமமூர்த்தி, ஜெனரல் மேனேஜர், எம்பத்தேழு மார்க். சார், வாங்க சார். கயிறு ரெடியா இருக்குது."

 நவீத் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் பம்பைப் பார்க்கிறமாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எனக்கு... பி.பி. இருக்கு மேடம்" என்றார் ராமமூர்த்தி.

"எம்பத்தேழு மார்க் வாங்கி நல்லா டிரெய்ன் ஆனவங்கதானே சார் நீங்க?" என்று நந்தினி ஆர்வமாகக் கேட்டார்.

"அதாவது, எறங்குறதுக்கு நான் மறுப்பு தெரிவிக்கிறேன்."

நந்தினியின் முகம் மலர்ந்தது. "மறுக்கிறீங்களா? சூப்பர் சார். ரெஜிஸ்டர் இருக்கா? காரணம் பி.பி.ன்னு போட முடியாது, இதுல கட்டம் இல்ல. 'போதிய பயிற்சி இல்லை'ன்னு ஒண்ணு இருக்கு, அத டிக் பண்ணுங்க."

ராமமூர்த்தி அந்தக் கட்டத்தைப் பார்த்தார். திறந்திருந்த தொட்டியின் வாயைப் பார்த்தார். டிக் போட்டார். அருணகிரி அடுத்த பெயரைப் படித்தான். சூரியபிரகாஷ், தொண்ணூற்றொரு மார்க். அவன் அந்தப் பெயரைப் படித்து முடிப்பதற்குள்ளேயே அவருக்குப் பயிற்சி இல்லாமல் போயிற்று. அதற்கப்புறம் கணக்கர், ஸ்டோர் மேனேஜர், ஏற்றுமதிப் பிரிவில் இருவர், கேன்டீன் மேற்பார்வையாளர் என்று வரிசையாக நின்று டிக் போட்டார்கள். பேனாவுக்குத் தள்ளுமுள்ளு ஏற்பட்டது. கால் மணி நேரத்தில் அந்தத் தோல் அட்டை நோட்டு ஏழு வருஷக் குறையைத் தீர்த்துக்கொண்டது.

இப்போது மாட்டிக்கொண்டார்கள் என்றுதான் அருணகிரி நினைத்தான். பயிற்சி ஃபைலில் எல்லோரும் தேறியிருக்கிறார்கள், மறுப்புப் பதிவேட்டில் அதே ஆட்கள் பயிற்சியே இல்லை என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நந்தினியிடம் காட்டவும் செய்தான்.

"அது வேற செக்லிஸ்ட் ணா" என்றார் நந்தினி அன்போடு. பயிற்சிப் பதிவுகள் முழுமையாக இருந்ததற்கு ஒரு பச்சை. மறுப்பு உரிமையை மேலிடமே முன்னின்று பயன்படுத்திய திறந்த கலாசாரத்துக்கு இன்னொரு பச்சை. பத்து வருஷத்தில் சுகந்தாவுக்கு இவ்வளவு பச்சை வந்ததே கிடையாது. மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள்.

அருணகிரியும் சாப்பிட்டான். தான் தப்பித்துவிட்டதை நினைத்துச் சந்தோஷமாகத்தான் சாப்பிட்டான். தொட்டி மட்டும் அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கேட்டில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. விரிஞ்சிபுரம் பக்கமிருந்து கான்ட்ராக்டர் அனுப்பிய இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் ஐம்பதை ஒட்டியவர், தோளில் கட்டம் போட்ட துண்டு. இன்னொருவர் அவருடைய தங்கை புருஷன். காலில் செருப்புகூட இல்லை.

சூரியபிரகாஷ் சமோசாத் தட்டும் வருகைத் தாளுமாக அருணகிரியிடம் வந்தார்.

"ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கிடு. தெரியலன்னா கைநாட்டு. கீழ நீ போடு."

"இவங்களுக்கு இன்னா டிரெய்னிங் இருக்குது சார்?"

"அவங்க நம்ம கம்பெனி ரோல்லயே இல்லைய்யா. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம போர்டுல இருக்கிற நம்பருக்கு ஒண்ணும் ஆகாது. நீ ஏன் டென்ஷன் ஆவுற?" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, நிஜமாகவே ஆறுதல் சொன்னார். சொல்லிவிட்டுப் போன் வந்ததால் உள்ளே போனார்.

அருணகிரி கையிலிருந்த தாளைப் பார்த்தான். ஏழு ஆபீசர்கள் பயந்து பின்வாங்கிய குழிக்குள் இந்த இரண்டு பேர் செருப்பில்லாமல் இறங்கப்போகிறார்கள், அதற்குத் தன் கையெழுத்து. பாண்டியன் இறங்கிய அன்றைக்கும் எவனோ ஒருவன் இப்படி ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான். அவன் கையெழுத்தும் அழகாகத்தான் இருந்திருக்கும்.

அருணகிரி தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தான். தட்டை நீட்டினான்.

"மொதல்ல சாப்புடுங்க."

அவர்கள் சாப்பிட்டார்கள். அவன் பேசினான்.

"அந்த மூடிக்குக் கீழ கேஸ் இருக்குது. மொதல்ல அழுவுன முட்டை நாத்தம் வரும். அப்புறம் நாத்தம் நின்னுடும். நின்னுடுச்சு, நல்லதுன்னு நெனைக்காதீங்க. கேஸ் போவல, உங்க மூக்கு செத்துடுச்சு. அதுக்கு அடுத்த மூச்சுல நீங்க. ஒருத்தர் வுழுந்தா இன்னொருத்தர் தூக்கப் போவக் கூடாது. ஆனா நீங்க போவீங்க, மச்சானாச்சே. என் மச்சான் பாண்டியன் இப்டித்தான் மூணு பேரா போய்ட்டான். அவ்ளோதான். ஆட்டோ இன்னும் நிக்குது, போய்டுங்க."

துண்டுக்காரர் வாயில் இருந்ததை மெல்ல மறந்து அந்த மூடியையே பார்த்தார்.

"வேலைய வுட்டுட்டுப் போனா கான்ட்ராக்டர் ஏசுவாரே."

"ஏசட்டும். கேக்கறதுக்கு நீங்க இருப்பீங்கல்ல?"

துண்டுக்காரர் மச்சானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தார். பாதித் தூரத்தில் அது ஓட்டமாக மாறிற்று. அருணகிரி மூடியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். நவீத் வந்து எழுந்திரு என்றான், எழவில்லை. சூரியபிரகாஷ் வந்து கெஞ்சினார், எழவில்லை. கவுஸ் பாஷா தன் டிபன் பாக்ஸோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் டிரம் செக்‌ஷன் பாதி அங்கே உட்கார்ந்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஆபீசிலிருந்து போன் போட, இரண்டு மணிக்கு வேலூரிலிருந்து கழிவு உறிஞ்சும் லாரி வந்தது. குழாயை உள்ளே விட்டு, மோட்டாரைப் போட்டுவிட்டு டிரைவர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷத்தில் தொட்டி காலி. ஒரு ஆளும் இறங்கவில்லை. இதைத் திங்கட்கிழமையே கூப்பிட்டிருக்கலாமே என்று கவுஸ் பாஷா சூரியபிரகாஷிடம் கேட்டார். வெளி லாரி உள்ளே வர ஏழு பேர் கையெழுத்து வேண்டும், ஆள் உள்ளே இறங்க ஒன்று போதும் என்று அவர் விளக்கினார்.

அடுத்த வாரம் அருணகிரிமேல் விசாரணை நடந்தது. அனுமதியில்லாமல் வெளியாட்களுக்குப் பயிற்சி கொடுத்தான் என்பது குற்றச்சாட்டு. மூன்று பேர் கொண்ட குழு இரண்டு நாள் உட்கார்ந்து ஆராய்ந்தது. மேற்படி பயிற்சிக்கு வருகைத் தாள் இல்லை, கையெழுத்து இல்லை, கைநாட்டும் இல்லை. ஆகவே அப்படி ஒரு பயிற்சி நடக்கவே இல்லை என்று குழு முடிவு செய்தது. சுகந்தா லெதர்ஸின் சரித்திரத்தில் நிஜமாக நடந்த ஒரே பயிற்சி இவ்வாறாக நடக்காமல் போயிற்று. நடக்காத பயிற்சிக்கு நடவடிக்கை எடுக்க முடியாது என்பதால் அருணகிரியின் வேலை தப்பியது.

ஆனாலும் கேன்டீன் பதிவேட்டில் ஒரு குறை நின்றது. மறுநாள் டிரம் பக்கம் ஒரு மெமோ வந்தது. வெள்ளிக்கிழமை காலை வழங்கப்பட்ட இரண்டு சமோசாக்களுக்கு எதிராகக் கையெழுத்து எதுவும் பெறப்படவில்லை, அவற்றின் கதி என்ன என்பதை இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

அருணகிரி டிரம்மை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அந்த மெமோவின் கீழேயே பதில் எழுதினான். சாப்பிட்ட இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள், விரிஞ்சிபுரத்துக்குப் போய் விசாரித்துக்கொள்ளவும் என்று எழுதி, அதன் அடியில் நிதானமாக, முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டான்.